நினைத்தவுடன் நீலகிரி மலை ரயில்: ஒரு நாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவெடுத்து, சனிக்கிழமை காலையில் மலை ரயிலில் உட்கார்ந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நடக்காத காரியமல்ல. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலையேறும் வழக்கமான ரயில் ஒரு நாளைக்கு ஒன்றுதான். காலை 7.10-க்குக் கிளம்பும். கோடை, பண்டிகை விடுமுறை மாதிரி நாட்களில் மட்டும் ரயில்வே சில சிறப்பு ரயில்களை அறிவிக்கும். மற்ற நாட்களில் அந்த ஒரு ரயிலை நம்பித்தான் திட்டம் போட வேண்டும். அவசரப் பயணங்கள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், ரயிலைப் பற்றிய இரண்டு மூன்று அடிப்படை விவரங்கள் தெரியாமல் கிளம்புவதுதான்.

ரயிலையும் ஊட்டியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைப்பது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். மேட்டுப்பாளையம் – ஊட்டி தூரம் 46 கிலோமீட்டர். காலை 7.10-க்குப் புறப்படும் ரயில் குன்னூருக்குப் பத்தரை வாக்கில் வரும். ஊட்டியை அடைய ஏறக்குறைய பன்னிரண்டு ஆகிவிடும். அதே ரயில் மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கத் தொடங்கி, மாலை ஐந்தரையைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்து சேரும். போக வர இரண்டுமே ரயில் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் பெட்டிக்குள்தான் இருப்பீர்கள். ஊட்டியில் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதுவும் ரயில் சரியான நேரத்துக்குப் போனால். மலைப்பாதையில் அரை மணி தாமதம் சர்வ சாதாரணம். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனைச் சுற்றி ஒரு நடை நடந்தால் அந்த நேரம் தீர்ந்துவிடும். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று பட்டியல் வைத்திருப்பவர்கள் ஆட்டோவுக்குள்ளேயே பொழுதைக் கழித்து, கடைசியில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் எட்டு மணி நேரம் மர பெஞ்சு அளவு இடத்தில் உட்கார்வது உண்மையிலேயே கஷ்டம்.

இந்தப் பயணத்தில் ரயில்தான் விஷயம். ஊட்டியைப் பார்க்க இன்னொரு நாள் வரலாம். ஊரையும் கொஞ்சம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி ரயில், மறு வழி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் அடிக்கடி அரசு பஸ் உண்டு. ரயிலில் ஏறிப் போய்விட்டு நாலரை, ஐந்து மணிக்கு பஸ் பிடித்தால்கூட ஊரில் முழுதாக ஒரு பிற்பகல் மிஞ்சும்.

எந்தப் பகுதியில் பயணம் செய்கிறோம் என்று தெரியாமல் டிக்கெட் எடுப்பது

"டிக்கெட் கிடைத்துவிட்டது" என்று சந்தோஷமாகக் குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்கியவர்கள், "நீராவி இன்ஜினும் இல்லை, பல்சக்கரமும் இல்லை" என்று முகம் வாடிப் போவது அடிக்கடி நடக்கிறது. குறை ரயிலில் இல்லை. இந்தப் பாதை இரண்டு வெவ்வேறு குணம் கொண்ட பாதை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரண மீட்டர் கேஜ் தண்டவாளம்; கிட்டத்தட்ட சமதரை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் பல்சக்கரப் பாதை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் சரிவு 12-க்கு 1 வரை போகிறது. அதாவது 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து இத்தனை சரிவில் ஏற முடியாது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளை அடுத்தடுத்துப் பதித்திருக்கிறார்கள். ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். குனிந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றை ஏற்கெனவே பிடித்திருக்கும். பிடி ஒரு கணமும் நழுவாமல் இருப்பது இதனால்தான்.

இந்தப் பகுதியில் ஓடுவது எக்ஸ் வகை நீராவி இன்ஜின். மூல வடிவம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்தது; பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இதே வகை இன்ஜின்களைக் கட்டினார்கள். நாலு சிலிண்டர் இதற்கு. சாதாரணத் தண்டவாளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும், அந்த இரண்டில் வேலை முடித்து வரும் நீராவி மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். கல்லாறில் ரயில் ஊர்ந்து பல்லுக்குள் நுழைவதையும், அதற்கப்புறம் இன்ஜினின் சத்தம் மாறுவதையும் கவனித்துக் கேளுங்கள். அப்போது போனில் மூழ்கியிருந்தால் இந்தப் பயணத்தின் முக்கியமான நிமிடம் கைநழுவிப் போகும்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். குன்னூர் – ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர். இங்கே பல்சக்கரம் கிடையாது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலைத் தோட்டமும் பள்ளத்தாக்கும் பார்த்தபடி போகலாம். கேத்திப் பள்ளத்தாக்குக் காட்சிக்காகவே போகலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது வேறு அனுபவம். குன்னூர் வரையான பாதை 1899-லும், அங்கிருந்து ஊட்டி வரையான பாதை 1908-லும் திறக்கப்பட்டன. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது முழுப் பாதையையும்தான். இருந்தாலும் பல்சக்கரத்துக்காகவும் நீராவிக்காகவும் வருகிறவர்கள் கல்லாறு – குன்னூர் பகுதியை விடவே கூடாது.

குன்னூரை மறந்துவிடுவது

திடீர்ப் பயணத்துக்கு இருக்கும் நல்ல வழி குன்னூர்தான். மேட்டுப்பாளையம் – ஊட்டி முழுத் தூரத்துக்கு மட்டும் தேடி, காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துச் சோர்ந்து பலர் விட்டுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர், குன்னூர் – மேட்டுப்பாளையம் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். நிலையக் குறியீடு மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி (MTP), ஊட்டிக்கு யுஏஎம் (UAM), குன்னூருக்கு ஓஎன்ஆர் (ONR). பெயரை அடித்துக் கிடைக்காதபோது குறியீட்டை அடித்தால் வரும்.

இறங்கும் ரயிலுக்கு மட்டும் இடம் கிடைத்தாலும் நாள் அழகாக அமையும். காலையில் பஸ்ஸில் குன்னூருக்கு ஏறி, சிம்ஸ் பூங்காவைப் பார்த்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் போதும். பல்சக்கரப் பாதை முழுவதும், பெரும்பாலான குகைகளும் பாலங்களும் அந்த இரண்டு இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இறங்கும்போது இன்ஜின் பிரேக் பிடித்து இறங்குகிறது. மூச்சு வாங்கி மலையேறும் அந்த முழக்கத்தைக் கேட்க ஏறும் ரயிலில்தான் போக வேண்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஊட்டியிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, ஏறுமிடத்தை மாற்றாமல் குன்னூரில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். ஊட்டியில் ஆள் ஏறவில்லை என்று பரிசோதகர் குறித்துவிட்டால் இருக்கை வேறு யாருக்காவது போய்விடும்.

டிக்கெட் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. பெட்டிகள் குறைவு, இருக்கைகளும் குறைவு. மே மாதம், பொங்கல், தீபாவளி, சனி ஞாயிறு என்றால் சட்டென்று தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் செவ்வாய், புதன் மாதிரி வார நடுநாளைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆன்லைனில் எடுத்த காத்திருப்போர் டிக்கெட்டை நம்பி மேட்டுப்பாளையம் வரை போவது வீண். சார்ட் (இருக்கை ஒதுக்கிய இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் ஒருவருக்கும் இடம் உறுதியாகவில்லை என்றால் அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதைக் காட்டி ஏற முடியாது. காலை ரயில் என்பதால் சார்ட் முந்தின இரவே தயாராகிவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பிஎன்ஆர் நிலையைப் பார்த்துவிடுங்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: சார்ட் போட்ட பிறகு ரத்தாகும் இடங்கள், கரண்ட் புக்கிங் எனப்படும் கடைசி நேர முன்பதிவில் வரலாம். ஐஆர்சிடிசி தளத்தில் சார்ட்டில் காலியிடம் பார்க்கும் வசதி இருக்கிறது. திடீர்ப் பயணிக்கு இது உண்மையாகவே உதவும்.

மூன்றாவது வழி, மேட்டுப்பாளையம் கவுண்டரில் காலையில் கொடுக்கும் முன்பதிவில்லா டிக்கெட். இடம் மிகக் கொஞ்சம். ஆறே முக்காலுக்கு வந்து வரிசையில் நின்றால் சீசன் நாட்களில் பலன் இருக்காது. விடிவதற்கு முன்பே வருகிறவர்களுக்குத்தான் வாய்ப்பு. நாலைந்து பேர் குடும்பமாக இந்த வரிசையை நம்பி வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருவர் இருவராக வருகிறவர்கள் முயன்று பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் பஸ் நிலையத்துக்குப் போய்க் குன்னூர் பஸ் ஏறும் மனநிலையோடு வர வேண்டும்.

மேட்டுப்பாளையத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராதது

சென்னையிலிருந்து இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகாலையொட்டி மேட்டுப்பாளையம் வரும். மலை ரயிலுக்கு இணைப்பாகவே அமைந்த ரயில் இது. நடுவில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் பல் தேய்த்து, காபி குடித்து, கழிப்பறை போய்விட்டு வர வேண்டும். மாலையில் இறங்கும் ரயிலில் வந்து, இரவு ஒன்பதேகாலை ஒட்டிக் கிளம்பும் அதே எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பலாம்.

கோவையில் தங்கியிருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. கோவை – மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ரயிலில் போய் மலை ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். காலையில் ஓடும் முதல் ரயிலே 7.10-க்குப் பிறகுதான் மேட்டுப்பாளையம் வரும். கோவையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஐந்து மணிக்குள் பஸ்ஸிலோ காரிலோ கிளம்புவதுதான் பத்திரம்.

காரில் வந்தால் அதை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். திரும்பவும் அங்கேதான் வரப்போகிறீர்கள். காரிலேயே மலை ஏறுவதாக முடிவு மாறினால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் உண்டு. சோதனைச் சாவடிக்கு வந்து நின்றபிறகு போனில் விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மே மாதத்தில் போலீஸ் ஒருவழிப் போக்குவரத்தை அமல்படுத்தும்போது, குன்னூர் வழியாக ஏறிய வண்டிகளைக் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். அந்த நாட்களில் சாலைப் பயண நேரத்தைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மழையைக் கணக்கில் எடுக்காதது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண்சரிவு ஏற்படுவது வழக்கம். பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழும், ரயில் ரத்தாகும். சில வருடங்களில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓடாமல் இருந்திருக்கிறது. பல்சக்கரப் பட்டைக்குள் சேறும் கல்லும் புகுந்துவிட்டால் அகற்றிச் சோதிக்காமல் ரயில் விட முடியாது. தண்டவாளம் தெரிகிறதே, ஏன் ஓட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அப்படிப்பட்ட நாட்களிலும் குன்னூர் – ஊட்டி ரயில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

முந்தின இரவு நீலகிரியில் கனமழை என்று செய்தி வந்தால், இந்தப் பாதையைக் கவனிக்கும் ரயில்வே சேலம் கோட்டத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ரயில்வேயே ரத்து செய்தால் இ-டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பிவரும். நாமாகவே பயந்து கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பிடித்தம் போகும். அதனால் அறிவிப்பு வரும் வரை பொறுத்திருப்பது நல்லது.

பெட்டிக்குள் ஏறிய பிறகு

பெட்டிகளில் கழிப்பறை இல்லை. இதைத் தெரியாமல் ஏறிச் சங்கடப்பட்டவர்கள் பலர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும். அங்கே கழிப்பறையும் டீ, சிற்றுண்டியும் கிடைக்கும். அடுத்த பெரிய நிறுத்தம் குன்னூர். குழந்தைகளை மேட்டுப்பாளையத்திலேயே கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விட்டு வந்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் தண்ணீர் குடிக்கும் அளவை இந்த நிறுத்தங்களை வைத்துத் திட்டமிடுவது நல்லது. ரயில் தாமதமாகலாம் என்பதால் மாத்திரையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

ஹில்குரோவில் இறங்கும்போது கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம். அங்கே குரங்குகள் கூட்டமாக இருக்கும். கையிலிருந்தும் ஜன்னலுக்குள்ளிருந்தும் பிடுங்கும். பாவம் என்று நாம் போடும் முறுக்குதான் அவற்றைப் பழக்கியது. போடாதீர்கள்.

நெகிழித் தண்ணீர் பாட்டில், கேரிபேக் எல்லாம் நீலகிரி மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். உருளும் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. மடியில் வைக்கும் அளவுக்கு ஒரு பை போதும். மேட்டுப்பாளையத்தில் வேர்க்கும், ஊட்டி 2,200 மீட்டர் உயரம், மே மாதத்தில்கூட மாலையில் குளிரும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரைப் பையின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள். குன்னூருக்கு முன்பே தேவைப்படும்.

இன்ஜின் எந்தப் பக்கம் என்பதிலும் குழப்பம் உண்டு. முன்னால் நின்று இன்ஜினைப் படம் எடுக்கலாம் என்று ஓடுகிறவர்கள் அங்கே பெட்டியைத்தான் பார்ப்பார்கள். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு எப்போதாவது அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு போகாமல் தடுக்க, பள்ளப் பக்கத்தில்தான் எப்போதும் இன்ஜின் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, சைகை பார்த்துக் கையால் பிரேக் பிடிப்பார். அவர் நிற்கும் இடத்தில் செல்ஃபிக்காகப் போய் நிற்பது அவர் வேலையைக் கெடுக்கும். அந்த வேலைதான் நம்மைப் பத்திரமாக இறக்குகிறது. இன்ஜின் சத்தம் வேண்டும் என்றால் பின்பக்கப் பெட்டி. புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்பக்கப் பெட்டி.

ரயில் மெதுவாகத்தானே போகிறது என்று இறங்கி ஓடி ஏறுவதும், குகை வரும்போது தலையையோ கையையோ நீட்டுவதும் வேண்டாம். குகைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி குறைவு. இந்தப் பாதையில் 16 குகைகள். கல்லாறிலிருந்து மேலே போகும் காடு யானைகள் நடமாடும் இடம்; பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் கூட்டமாகவே வரும். தண்டவாளத்தில் நடந்துபோய்ப் படம் எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

டிக்கெட் கிடைக்கவில்லை என்று வீட்டுக்குத் திரும்புவது

வந்தது வந்தாகிவிட்டது. பஸ்ஸில் ஏறிப் பத்து மணிக்குள் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் பத்தரை வாக்கில் மூச்சு வாங்கி வந்து நிற்கும். நீராவி இன்ஜினைக் கழற்றி ஷெட்டுக்கு ஓட்டிப்போவதையும் டீசல் இன்ஜின் வந்து மாட்டுவதையும் சில அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். ரயில் கொஞ்ச தூரம் பின்னோக்கி வந்து, பிறகு ஊட்டிப் பாதையில் முன்னேறும். குன்னூர் முதலில் கடைசி நிலையமாகக் கட்டப்பட்டதால் இப்படி. ரயிலுக்குள் இருப்பவர்களைவிட இன்ஜினை நிதானமாகப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள்தான்.

அதன்பிறகு குன்னூர் – ஊட்டி பாசஞ்சர் ரயில்கள் நாளில் சில முறை ஓடுகின்றன. கவுண்டரில் முன்பதிவில்லா டிக்கெட் வாங்கிப் போகலாம். நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய அட்டவணையை ஸ்டேஷனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி வரை போக நேரமில்லாவிட்டால் கேத்தியில் இறங்கி பஸ்ஸில் திரும்பலாம். மூன்று மணிக்குள் குன்னூருக்கு வந்துவிட்டால், நீராவி இன்ஜின் திரும்ப மாட்டிக்கொண்டு கீழே கிளம்புவதையும் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறலாம். ரயிலைவிட பஸ் சீக்கிரம் இறங்கிவிடும். ரயில் வந்து நிற்கும்போது மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நீங்கள் இருக்கலாம். இருட்டுவதற்கு முன் போனால், அங்குள்ள மலை ரயில் அருங்காட்சியகத்தையும் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.